எதிர் மேட்டில் அணைந்த வெளிச்சம்

பெட்ரோலுக்கு வரியைக் கூட்டியதால் விலை எகிறிய வருடம், ஐப்பசி மாதம். திருமயத்தில் எங்கள் தையல் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் நடந்தது இது.

அப்போது ஊரில் பாதிப் பேர் வண்டியை வீட்டில் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வேறு வழி கண்டுபிடித்தார். இறக்கம் வந்தால் மொபெட்டை ஆஃப் செய்துவிட்டு உருட்டுவார். "ஏறுறதுக்குத்தான் பெட்ரோலு, இறங்குறது ஓசி" என்று பெருமை வேறு! பழைய வண்டி. இன்ஜின் நின்றால் லைட்டும் எரியாது, ஹாரனும் அடிக்காது.

ஊருக்கு முன்னால் இரண்டு மேட்டுக்கு நடுவே ஒரு பள்ளம். அதில் தரைப்பாலம், ஓரத்தில் கருப்பர் கோயில். அந்த இடத்தைக் கடக்கிறவர்கள் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். எங்கள் ஹாரன்தான் ஊமையாகிவிட்டதே, நான் வாயாலேயே "கருப்பா, காப்பாத்து" என்று சொல்லிக்கொண்டு வருவேன்.

இதற்கிடையில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. பொழுது சாய்ந்தால் அந்தப் பள்ளத்து மேட்டில் ஒரு வெளிச்சம் வருகிறதாம், பார்க்கும்போதே அணைந்துவிடுகிறதாம், சத்தமே இல்லையாம். கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். நான் நம்பவில்லை என்று சொன்னால் அது பொய்.

அன்றைக்கு நன்றாக இருட்டிவிட்டது, லேசான தூறல். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்திருந்த மகள் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மேட்டில் ஏறியதும் எதிர் மேட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அப்படியே அணைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "என்னங்க, ஆஃப் பண்ணாதீங்க" என்று நான் சொல்வதற்குள் அவர் ஆஃப் செய்துவிட்டார்.

கும்மிருட்டு. ஈரத் தரையில் டயர் உரசும் சத்தம் மட்டும். வண்டி தானாக வேகம் பிடித்தது. "கருப்பா, காப்பாத்து" என்றேன். எதிரே இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அதையே சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குரல் மூடவில்லை. சொல்லிக்கொண்டே கிட்டத்தில் வந்தது.

"ஆத்தாடி!" என்று நான் அலறிய அலறலில் அவர் பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்தார். வண்டி சறுக்கிச் சாய்ந்தது. நான் மகளைத்தான் தேடினேன். முழங்காலில் சிராய்ப்போடு என் மேலேயே கிடந்தாள்.

"யாருப்பா அங்கிட்டு?" ஒரு ஆண் குரல் நடுங்கியது. செல்போன் வெளிச்சம் வந்தது. ஒரு சாண் தூரத்தில் இன்னொரு பழைய மொபெட்டின் சக்கரம். அதுவும் ஆஃப். ஒருவர் காலை ஊன்றி நின்றார். பின்னால் நிறைமாதமாய் அவர் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "அக்கா, நாங்க வாரப்பல்லாம் அந்த மேட்டுல ஒரு வெளிச்சம் வந்து அணையுமே, அது நீங்கதானா? ஒங்களுக்குப் பயந்துதான் நான் சாமி பேரச் சொல்லிக்கிட்டே வாரேன்."

நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் அந்த இறக்கத்தில் வண்டியை அணைப்பதில்லை. ஆனால் பெட்ரோல் விலை இறங்கவில்லை, யார் யாரோ இன்னும் அணைக்கிறார்கள். எதிர் மேட்டில் வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தால் அவரை விடாமல் ஹாரன் அடிக்கச் சொல்வேன். பிசாசு என்று நினைத்த நாட்களைவிட, அங்கே ஒரு குடும்பம் சத்தமில்லாமல் இறங்கி வருகிறது என்று தெரிந்த பிறகுதான் பயம் அதிகம்.