கிப்லாப் பக்கம் விரித்த பந்தல்

போன கிழமை அக்கரைப்பற்றில் ஒரு வெள்ளைக்காரன் கெப் வாகனத்தை நிறுத்தி, அதன் முதுகில் இருந்த பெட்டி வீட்டிலிருந்து சுருள் பந்தலை இழுத்து விரித்தான். வெயில் பட்ட புதுப் படங்குத் துணியின் றப்பர் வாசம் மூக்கில் ஏறியதும் நான் பாய்ந்து விலகிவிட்டேன். பார்த்த சனம் சிரித்திருக்கும். சிரிக்கட்டும்.

எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது, தெரியுமா? என் கெப்பின் பின்னால் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பலகையும் தகரமும் வைத்துச் சின்ன வீடு அடித்துத் தந்தான். பந்தல் பூட்டியது மட்டும் நான். ஒரு போல்ட் மேலே, ஒரு போல்ட் கீழே, பந்தல் ஒரு பக்கம் சரிந்து நின்றது.

"மச்சான், இது பந்தலா, சறுக்குப் பலகையா?" என்று அவன் என்னைக் கேட்டான்.

பின்னேரம் அஸர் நேரம், கிப்லா இருக்கும் மேற்கே பார்த்துத் தொழுதால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மனைவிக்குத் தலையிடி. அதனால் எங்கே நிறுத்தினாலும் பந்தல் கிப்லாப் பக்கம்தான் விரிய வேண்டும் என்பது என் சட்டம். கச்சான் காற்றும் அதே மேற்கிலிருந்துதான் வரும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம், என் மண்டையில் ஓடவில்லை.

ஒலுவில் கடற்கரையில்தான் முதல்முதல் விரித்தோம்.

"மச்சான், கச்சான் அடிக்குது. கிழக்கால கடல் பக்கம் திருப்பி உடுவமா?"

"அப்ப உன்ட ராத்தாட முகத்துல வெயில் படாதா? சும்மா இரிடா."

நாங்கள் இருவரும் தொழுதுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். மனைவி பந்தலுக்குக் கீழே தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினாள். நெற்றி நிலத்தில் பட ஸுஜூதுக்குப் போன நேரம், படார்! பந்தலின் கால்கள் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு எழும்பின. ஒரு கால் சுழன்று வந்து பெட்டி வீட்டுக் கதவில் குத்திவிட்டு, படங்கோடு கூரைக்கு மேலால் போனது. என் கையில் இருந்த கோப்பை எப்போது விழுந்ததோ தெரியாது.

கதவில் விழுந்த குழி, அவள் நின்றால் நெற்றி இருக்கும் உயரம்.

அவள் அவசரப்படாமல் ஆறுதலாக எழும்பி, மிச்சத்தையும் தொழுது, ஸலாம் கொடுத்த பிறகுதான் திரும்பினாள்.

"இஞ்சாருங்க, பந்தல் எங்க?"

மச்சான் மணலில் குந்திக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதான். எனக்கு அழவும் வரவில்லை.

அதற்குப் பிறகு பந்தல் பூட்டவில்லை. கெப்பும் கைமாறியது. மச்சான் வேலைக்கென்று கட்டாருக்குப் போய்விட்டான். போன மாதம் அவளோடு அந்தக் கரைக்குப் போனேன். கரையோரத் தென்னைகள் வரைக்கும் கடல் அரித்துத் தின்றிருந்தது.

"அந்தா, அதிலதானே நான் தொழுத?" என்று கையை நீட்டினாள்.

அவள் காட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது.