தாசில்தார் ஏந்திய சொம்பு

எங்கள் குடும்பத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகைக்கு வீட்டு அரிசி ஆகாது. நாமம் இட்டு, மஞ்சள் வேட்டி கட்டி, செருப்பில்லாமல் நாலு வீட்டு வாசலில் நின்று 'கோவிந்தா' என்று கேட்டு வாங்கி வந்த அரிசியைத்தான் பெருமாளுக்குப் பொங்கிப் படைக்க வேண்டும். அப்பா கிளார்க்காக இருந்தவரை இதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. சொம்பைப் பார்த்ததும் ஆளுக்கு ஒரு பிடி போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் அப்பா திண்டிவனத்துக்குத் தாசில்தாராக வந்தார். ஜீப்பில் முன்சீட்டில் உட்காருகிறவரின் மகள் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கோ பதவி வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. பொழுது விடிவதற்குள் வாசலில் ஆள் நிற்கும், கையில் மனுவும் தோளில் வாழைத்தாருமாக. தார்களைத் திருப்பி அனுப்புவதே அவருக்குப் பாதி வேலையாக இருந்தது.

அந்த வருஷம் மூன்றாவது சனிக்கிழமை அவர் சொம்போடு தெருவில் இறங்கியபோது, ஜீப் டிரைவர் நல்ல எண்ணத்தில் முன்னாலேயே ஓடி வீட்டுக்கு வீடு சொல்லிவைத்துவிட்டார். போன இடமெல்லாம் நாற்காலி, காபி. பிச்சை கேட்டு நின்ற அப்பாவின் காலில் ஒருவர் விழுந்தே விட்டார். அரிசி மில்காரர் சொம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு மூட்டைப் பொன்னியை வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மூட்டையை வந்த வண்டியிலேயே திருப்பிவிட்டு, கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தளிகை வேண்டாமா என்று அம்மா போய்க் கேட்டாள்.

"இது பிச்சை இல்ல. பெருமாள் முன்னாடி இத்த எப்பிடி வெக்கிறது?" என்றார் களைப்பாக.

கடைசிச் சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தன் தாலுகா எல்லையைத் தாண்டி விக்கிரவாண்டியில் இறங்கினார். தார் ரோடு காலைச் சுட்டது. சில வீடுகளில் பேச்சில்லாமல் அரிசி விழுந்தது. ஓட்டு வீடு ஒன்றின் வாசலில் ஓர் அம்மாள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அப்பா 'கோவிந்தா' என்றதும், நிமிர்ந்து பார்க்காமலே ஆரம்பித்தார்.

"காலையிலேர்ந்து எத்தினி பேருய்யா வருவீங்க? நான் இன்னா அரிசி மண்டியா வெச்சிக்கினு கீறேன்?"

பிறகு நிமிர்ந்து அப்பாவின் தொந்தியைப் பார்த்தார். "ஒடம்பப் பாத்தா பட்டினி கெடந்தவனாட்டம் தெரியலியே."

எங்கப்பா யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி நின்றார். முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே போய் வந்தார். "அரிசி தீந்துபூட்டுது. கேப்பைதான் கீது. வேணுன்னா வாங்கிக்கினு போ."

அப்பா சொம்பை நீட்டினார். கைப்பிடி கேப்பை விழுந்தது. அப்போது அவர் சொன்ன 'கோவிந்தா'வில் இருந்த குரலைத் திண்டிவனத்தில் நான் கேட்டதே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் சொம்பை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. இன்று நான் உள்ளே நுழைந்தால் ஓர் ஆபீஸே எழுந்து நிற்கிறது. அலுத்துப்போய்விட்டது எனக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தால் அப்பாவின் அந்தத் தூக்கத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று எனக்கு அது தூக்கமாகவே தெரியவில்லை. அவமானம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று, அவர் மடியிலிருந்த சொம்பை மெல்ல எடுத்து என் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.