அக்காவின் பயம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரைத் தைரியசாலி என்று எழுதுவது வழக்கம். என்னால் அப்படி எழுத முடியவில்லை. அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும். அக்கா மிகவும் பயந்தவர். அந்தப் பயத்தைப் பற்றித்தான் தம்பியான நான் எழுதப் போகிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காம்பரா என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறை வீடுகள் பன்னிரண்டு வரிசையாக இருந்த லயத்தில் அக்கா பிறந்தார். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது கலவரம் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஆட்கள் பாலத்தைக் கடந்து வந்து லயத்துக்குத் தீ வைத்தார்களாம். நான் அப்போது பிறக்கவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. அக்கா அந்தப் பாலத்தில் கால் வைக்கமாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது. மாத்தளை நகரத்தில் ஒரு சிங்கள ஆசிரியை வீட்டுக்கு வேலைக்குப் போனார். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு சிங்களம் வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஐந்து வருடம் கழித்து அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகவே திரும்பி வந்து, தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்து, கொழுந்து பறித்து என்னை வளர்த்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பாலத்தைக் கடந்தால் கால் மணி நேரத்தில் போகக்கூடிய பள்ளிக்கூடத்துக்கு, தோட்டத்து ரோட்டால் சுற்றி ஒரு மணி நேரம் என்னை நடத்திக் கூட்டிப் போனார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

தோட்டத்து ஆட்களுக்கு நாடு நெடுங்காலம் தராமல் வைத்திருந்த பிரஜாவுரிமை அம்மாவுக்குக் கிடைத்தபோது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அதுவரை பொலிஸைக் கண்டால் அம்மா ஒளிந்துகொள்வார். அக்காவும் அப்படியே ஆனார். தன் அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் மலைக்குப் போவார். "கொழுந்துகிட்டயா அட்டையக் காட்டப் போற?" என்று நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்கமாட்டார்.

அடுத்ததாக மண்ணுக்குப் பயப்படத் தொடங்கினார். ஒருநாள் சில அதிகாரிகள் வந்து லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டை அளந்தார்கள். போகும்போது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் சிங்களத்தில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். டெங்கு அறிவித்தல் என்று நாங்கள் நினைத்தோம். வேலை விட்டு வந்த அக்கா அதை வாசித்தார். வாசித்துவிட்டு அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த லயம் ஆபத்தான எடத்துல இருக்காம். பெரிய மழ பேஞ்சா எல்லாரும் வெளியேறணுமாம்."

"எங்க போகணும்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"அது போடல."

தோட்டத்து அலுவலகத்தில் கேட்டதற்கு, காணி அரசாங்கத்துடையது என்றார்கள். மாத்தளையில் அரசாங்க அலுவலகத்தில் கேட்டதற்கு, லயம் தோட்டத்துடையது என்றார்கள். அக்கா மூன்று தடவை சம்பளம் இல்லாமல் லீவு போட்டுப் போய் வந்தார். நூற்றைம்பது வருடமாக அந்த மலையில் இருக்கிற எங்களுக்கு, ஒரு கூடாரம் அடிக்கக்கூடச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை.

தாளில் சொன்ன அந்தப் பெரிய மழை, இரண்டு வருடங்களுக்கு முன், நான்கு நாட்கள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் சுவர் நகர்ந்து அக்காவின் காம்பராக் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது. பின்னால் மேட்டிலிருந்து பீலியில் வருகிற தண்ணீர் மண் கரைந்து சிவப்பாக வந்தது. மேலே போகிற ரோட்டில் மண் சரிந்து வழி அடைபட்டுவிட்டது. மத்தியானம் இரண்டு மணியிருக்கும், அக்கா என் காம்பராவுக்கு வந்தார்.

"தம்பி, ஆளுகளக் கூப்பிடு. போயிருவோம்."

"எங்கக்கா போறது?"

"கீழ. பாலத்துக்கு அந்தப் பக்கம். பன்சல மண்டபம் மேட்டுல இருக்கு."

பன்சலை என்கிற அந்தப் பௌத்த விகாரையை அவர் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. "நீயா? அந்தப் பக்கமா?" என்று சிரித்தேன். "ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. பேசாம தேத்தண்ணி ஊத்திக் குடி" என்றேன்.

அவர் வெளியே வந்தார். இஸ்தோப்புத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த என் இரண்டு வயது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தார். மழையில் இறங்கினார். பின்னால் திரும்பி, "பிள்ள என்கிட்ட இருக்கு. வேணும்னா வாங்க" என்றார். என் மனைவி அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். நான் கோபத்தோடு ஓடினேன். நாங்கள் ஓடுவதைப் பார்த்து மற்றக் காம்பராக்களில் இருந்தவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசிக் காம்பரா மாமாவும் அத்தையும் மட்டும் வரவில்லை. மாமாவுக்கு முழங்கால் வலி. "மழ கொறையட்டும், வாறோம்" என்றார்கள்.

பாலத்தடியில் அக்கா நின்றுவிட்டார். தண்ணீர் பலகைக்கு மேலே ஓடியது. ஆனால் அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. அக்கரையில் மண்வெட்டியோடு நின்ற ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேயிலைக்குள்ள படுத்திருந்தோம்டா தம்பி" என்றார். "நான் கத்திருவேன்னு அம்மா என் வாயப் பொத்திக்கிட்டாங்க. மூச்சு வரல. இந்த வழியாத்தான் வந்தாங்க."

அத்தனை வருடத்தில் அன்றுதான் அதை என்னிடம் சொன்னார்.

அக்கரையில் நின்றவர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். எங்களை வரவேண்டாம் என்று விரட்டுகிறார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பின்னால் நின்றவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நடுப் பலகை ஒடஞ்சிருக்காம். கம்பியப் புடிச்சிக்கிட்டு ஓரமா வரச் சொல்றாரு."

சொல்லிவிட்டு அவரே முதலில் இறங்கினார். பாதிப் பாலத்தில் அவரால் நகர முடியவில்லை. அந்த மனிதர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடி பாலத்தில் முழங்காலளவு தண்ணீரில் நடந்து வந்து கையை நீட்டினார். "நங்கி, பபாவ மட்ட தென்ன" என்றார். தங்கச்சி, பிள்ளையை என்னிடம் தா என்று அர்த்தம். அக்கா என் மகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்த மனிதர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீரில் நின்றபடி அதையே இன்னொரு தடவை சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தார்.

பதினொரு காம்பரா ஆட்களும் அன்று கரையேறி மண்டபத்துக்குப் போனோம். அக்கா மாமாவையும் அத்தையையும் கூட்டிவரத் திரும்பப் போகவேண்டும் என்றார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். நானும் அந்த மனிதரும் போவதென்று பேசிக்கொண்டிருக்கும்போதே, லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மண்டபத்து வாசலில் நின்று பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது.

மாமாவையும் அத்தையையும் மூன்றாம் நாள் எடுத்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து நிறுத்தியது நான். அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்குத் தூக்கம் இல்லை. மேகம் கறுத்தாலே பையைக் கட்டிக்கொண்டு பிறகு எங்களுக்குத் தந்த தற்காலிகக் கொட்டிலின் வாசலில் உட்கார்ந்துவிடுவார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மருத்துவமனைக் கட்டிலில், கடைசியாக என்னிடம், "மழ பேயுதா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டுதான் இருந்தது. அவருக்கும் அது கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தோட்டத்து மயானமும் மண்ணுக்குள் போய்விட்டதால் அவரை எங்கே அடக்குவது என்று தெரியாமல் தவித்தோம். பாலத்தில் பிள்ளையை வாங்கிய அதே அண்ணன் வந்து, தங்கள் ஊர் மயானத்தில் இடம் காட்டினார். குழி வெட்டவும் அவர்தான் முதலில் இறங்கினார். அவருக்கும், மூன்று வாரம் எங்களுக்குச் சோறு சமைத்துப் போட்ட அந்தக் கிராமத்துப் பெண்களுக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட பௌத்த பிக்குவான தேரருக்கும், உடுப்பும் பாயும் கொண்டுவந்து தந்த மாத்தளை முஸ்லிம் கடைக்காரர்களுக்கும், அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வீடு கட்டக் காணி தருவதாக அரசாங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் தரவில்லை. நாங்கள் இருக்கிற கொட்டிலும் ஒரு சரிவில்தான் இருக்கிறது. உங்களில் பலரும் அப்படியான இடங்களில் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் மகளுக்கு இப்போது நாலு வயது. மழை பலக்கும்போது அவள் தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பயப்படாதே என்று நான் அவளிடம் சொல்வதில்லை. நானும் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.