இரண்டு சேர்மாருக்கு ஒரு தாள்

இன்று காலை முழுக்க இரண்டு கதிரைகளுக்கு நடுவில் மாட்டுப்பட்டுக் கிடந்தேன்.

திருநெல்வேலியில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு, தாங்கள் சேர்ந்து நடத்தும் கருத்தரங்குக்குச் சுவரொட்டி அடிக்க பௌதிகவியல் சேரும் இரசாயனவியல் சேரும் வந்தார்கள். இருவரும் எனக்கு உயர்தரம் படிப்பித்தவர்கள். ஆளுக்கொரு பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். எழும்பவும் வழியில்லை, மறுத்துக் கதைக்கவும் வழியில்லை.

"பிள்ளை, என்ரை படம் சின்னனாக் கிடக்கு," என்றார் பௌதிகவியல்.

பெரிதாக்கினேன்.

"அப்ப என்ரை?" என்றார் இரசாயனவியல்.

அதையும் பெரிதாக்கினேன். தலைப்பு சுருங்கியது.

"சேர், ஒண்டு சின்னனா இருந்தால்தான் மற்றது பெரிசாத் தெரியும்."

"அப்ப இவரின்ரை படத்தைச் சின்னனாக்கும்," என்றார்கள், இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் காட்டி.

பிறகு பௌதிகவியலுக்கு ஒரு சந்தேகம். "உது காசு குடுக்காமல் எடுத்த சொப்ட்வெயர் எண்டபடியாலோ இதுக்கு மேலை பெரிசாகுதில்லை?"

"இங்க்ஸ்கேப்பிலை எவ்வளவும் பெரிசாக்கலாம் சேர். தாள்தான் முடிஞ்சுபோச்சு."

கடைசியில் திகதியும் நேரமும் இடமும் எறும்பளவில் ஒரு மூலைக்குப் போயின.

"வாசிக்கேலாமல் கிடக்கே?" என்றார் இரசாயனவியல்.

அந்த மூலையைத் திரையில் மட்டும் சூம் பண்ணிக் காட்டினேன்.

"ஓம், இப்ப வடிவாத் தெரியுது. இப்பிடியே அடியும்!" என்று இருவரும் எழும்பினார்கள்.

"சேர், இது திரையிலை மட்டும்தான்..." என்று நான் சொல்லி முடிக்கமுன் அவர்களின் மோட்டார் சைக்கிள் புறப்பட்டுவிட்டது.

சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன். பின்னேரமே பலாலி வீதிச் சுவர்களில் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள், கருத்தரங்கு எத்தனை மணிக்கென்று வாசிக்க முடிந்தால் கீழே கொமென்டில் எழுதுங்கள். முகங்களைப் பற்றி எழுத வேண்டாம். அவை தூரத்தில் கம்பஸ் வாசலில் நின்று பார்த்தாலே தெரிகின்றன.