ட்ராமில் அளவு பார்த்தவர்

எழுபதுகளில் நான் மெல்பேர்னில் நேர்ஸாக வேலை செய்தபோது, மாலை ட்ராமில் ஜமேக்கா நாட்டுப் பெண் ஒருவர் என்னோடு வருவார். எங்கள் ஆசுபத்திரியிலேயே மூத்த நேர்ஸ். பெரிய உடம்பு. ட்ராம் ஆடினாலும் அவர் ஆடமாட்டார்.

பள்ளிக்கூடப் பையன்கள் ஏறினால் எழுந்து அவர்களுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். தன் தோளுக்கு எவ்வளவு வருகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ஊரில் தங்கையிடம் இடுப்பளவில் விட்டுவந்த மகனுக்குச் சட்டை வாங்கி அனுப்ப, அவன் வயதுப் பையன்களைத் தவிர வேறு அளவு அவரிடம் இல்லை. பனி படிந்த கண்ணாடிக்கு வெளியே விளக்குகள் கரைந்து ஓட, யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு நடுவில் அவர் கப்பல்போல மிதந்து வருவார்.

ஒரு நாள் பையன்கள் ஏறியும் அவர் எழவில்லை. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழாகவே நினைவிருக்கிறது.

"என்ன சிஸ்டர், இண்டைக்கு அளவு பார்க்கேல்லையோ?"

"இனித் தேவையில்லை, பிள்ளை. மகன் கூட்டாளியளோட சேர்ந்து கடை உடைச்சவனாம். பொலிஸ் பிடிச்சு, சுவரோட நிப்பாட்டி அளந்திருக்கு. தங்கச்சி ரெலிபோனில சொன்னவள்."

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் அதை மெல்ல விடுவித்து, தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்தார்.

"என்னைவிட உயரமாம்."

கண் நிறைந்திருந்தது. ஆனால் அதற்கு முன்னே அந்த முகத்தில் வந்துபோனதைப் பெருமை என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை.