ஒரே படத்தில் இரண்டு பந்து

மலேசியாவின் ரவாங்கில் ஒரு டிவி தொழிற்சாலையில் திரைகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் லோகேஸ்வரியின் வேலை. புதுச் சேலையை எடுத்துக் கொடுத்தாலும் அவள் கண் முதலில் பிசிறைத்தான் தேடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டாரத்துப் பந்து விளையாட்டுகளைக் கேமராவில் பிடித்து நேரலையாக விடுவாள். கேமரா வாங்கித் தந்தது தம்பி பவனேஷ், சொந்த ஊரான கெர்லிங் அணியின் கோல்கீப்பர். முழங்கால் போய்விட்டது, இந்த ஆட்டத்தோடு நிறுத்திக்கொள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் ஆடியும் ஒரு கிண்ணத்தை அவன் கை தொட்டதில்லை.

கெர்லிங் திடலில் அன்று கடைசி ஆட்டம். எதிரணி அசாம் ஜாவா ஊர்க்காரர்கள். சமமாக முடிந்தாலே புள்ளிக் கணக்கில் கிண்ணம் கெர்லிங்குக்குத்தான். ஆட்டம் சமமாகவே முடியும் தறுவாயில் அசாம் ஜாவாக்காரன் அடித்த பந்தை, பவனேஷ் கோட்டின்மேல் விழுந்து அணைத்தான்.

"கோல்!"

"கோட்டு மேலதான் இருந்துச்சு, கண்ணு இல்லயா?"

இரண்டு அணியும் சட்டையைப் பிடித்துக்கொண்டன. நடுவர் கோகிலன் கோல் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்த லோகேஸ்வரியிடம் ஓடிவந்தார். "தங்கச்சி, அந்த இடத்த நிறுத்திக் காட்டும்மா."

நிறுத்தினாள். முந்தைய படத்தில் பந்து கோட்டுக்கு வெளியே. அடுத்ததில் பவனேஷின் உடம்பு பந்தை மறைத்துவிட்டது. நடுவில் இருந்த ஒரே படத்தில் பந்து சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரிந்தது.

"பாருங்க, உள்ள!" என்றான் ஒருவன்.

"கோட்டு மேலதானே லா இருக்கு!" என்றான் இன்னொருவன். கூட்டம் நெருக்கியதில் மேசை ஆடியது. யாரோ ஒருவன் கையில் நாற்காலியைத் தூக்கியிருந்தான்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. லோகேஸ்வரிக்குக் காரணம் புரிந்துவிட்டது. காலையில் சித்தப்பா மகள் தனுஜா திடலில் கேமராவைப் பொருத்தும்போது போனில் கேட்டாள், "டென் எய்ட்டிதானேக்கா?" இவளும் அவசரத்தில், "டென் எய்ட்டி லா," என்றாள். படத் தரத்தைச் சொல்லும் அந்த எண்ணுக்குப் பின்னால் 'ஐ'யா 'பி'யா என்று ஓர் ஆங்கில எழுத்து வரவேண்டும். அந்த இடத்தில், இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் 'லா' சட்டமாக உட்கார்ந்துகொண்டது. தனுஜா 'ஐ'யில் வைத்துவிட்டாள். 'பி' என்றால் படத்தின் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் பிடிக்கப்படும். 'ஐ' அப்படி இல்லை. ஒன்று, மூன்று என்று ஒற்றைக் கோடுகளை முதலில் பிடிக்கும், இரண்டு, நான்கு என்று இரட்டைக் கோடுகளைக் கண்ணிமைக்கும் பொழுது கழித்துப் பிடிக்கும், பிறகு இரண்டையும் பின்னி ஒரே படம் என்று நீட்டும். பந்து அதற்குள் நகர்ந்துவிட்டது.

பின்னலைப் பிரிக்க அவளுக்குத் தெரியும். ஒற்றைக் கோடுகளை மட்டும் தனியாக்கினாள். பந்து கோல் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, அப்படியென்றால் கோல் இல்லை. கெர்லிங் பக்கம் விசில் பறந்தது.

இதோடு விட்டால் தம்பிக்குக் கிண்ணம். இன்னொரு பாதி இருப்பது அந்தத் திடலில் வேறு யாருக்கும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தாள். பவனேஷ் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கெஞ்சுகிறானா, பாவி?

"அவ்வளவுதானேம்மா?" என்றார் கோகிலன்.

"இல்லண்ணே. இது மொதப் பாதி. இன்னொன்னு இருக்கு."

இரட்டைக் கோடுகளைக் காட்டினாள். உள்ளே போன பந்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் புல் தெரிந்தது. நாற்காலி கீழே இறங்கியது. கோகிலன் கோல் என்று கையைக் காட்டினார். சொந்த ஊர்க்காரர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடுவதே நல்லது.

எல்லோரும் போன பிறகு பவனேஷ் வந்து கேமரா ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"கோவமாடா?"

"உள்ள போயிடுச்சுன்னு புடிச்சப்பவே எனக்குத் தெரியும்கா," என்றான் தலையைத் தூக்காமல். "சொல்ல வாய் வரல. நீ சொல்லிடணுமேன்னுதான் பாத்துக்கிட்டே நின்னேன்."

லோகேஸ்வரி அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.