குறையே இல்லாத வீடு

போன மாதம் ஒரு நாள் காலை, கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுத்தப் பொய்களை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பேன் என்று உறுதிமொழி கொடுத்துவிட்டு!

பொய் என்னுடையதல்ல. வாய் மட்டும்தான் என்னுடையது.

பயப்படாதீர்கள், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். “பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ அக்கா” என்றார்கள். ஆகவே வீட்டுக்காரர் ரவி, மனைவி சுமதி.

ரவி என்ன செய்தார்? ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்திருக்கிறார். திரும்பிய வேகத்தில் ரவி ஒரே தள்ளு! மனுசன் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. இத்தனைக்கும் ரவியின் சட்டைப்பையில் டிக்கெட் இருந்தது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜெயிலுக்கு அனுப்ப வேண்டி வரலாம் என்று நீதவான் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆனால், தீர்ப்புக்கு முன் ஓர் அறிக்கை வேண்டும் என்றார்.

அந்த அறிக்கையை எழுதத்தான் ஹெலன் வந்தார். புரொபேஷன் ஒபிசர். ஆள் எப்படிப்பட்டவர், என்னென்ன பட்டவர், ஏன் இப்படிச் செய்தார் என்று வீட்டுக்கே வந்து விசாரித்து நீதவானுக்கு எழுதுகிறவர். நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்.

கதவு திறந்தது. பெண் பார்க்க வந்த வீடோ என்று நினைத்துவிட்டேன்...

சுமதி காஞ்சிபுரப் பட்டில் நிற்கிறாள். மேசையில் வடை, ரோல்ஸ், பட்டிஸ், பட்டர் கேக். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, பிறந்தநாள் உடுப்பில் வரிசையாக நிற்கின்றன. சோபா பளபளக்கிறது. அது இரவல் என்பது எனக்குத் தெரியும். “எங்கட சோபாவை நேற்றே மேல ஏத்தியாச்சு” என்று கீழ் வீட்டுக்காரி படியிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

ஹெலன் கேட்கத் தொடங்கினார். வீட்டில் ஏதும் கஷ்டம் உண்டா?

“ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா,” என்றாள் சுமதி.

சொன்னேன்.

ரவி நன்றாகத் தூங்குகிறாரா?

“படுத்தால் விடியத்தான் எழும்புவார்.”

அதையும் சொன்னேன். ரவியின் கண்களுக்குக் கீழே மை பூசியது போல் கருத்துக் கிடந்தது.

இதற்கு முன் எப்போதாவது கைதானதுண்டா?

ரவி நிமிர்ந்து உட்கார்ந்தார். “இல்லை. எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பொலிஸ் படி மிதிக்கேல்லை.”

ஏன் நாட்டை விட்டு வந்தார்?

“நிலைமை சரியில்லைத்தானே...” அவ்வளவுதான். கதை முடிந்தது.

ஹெலனின் பேனா அசையவே இல்லை. பாவம், எதை எழுதுவார்? வசதியான வீடு, கவலையில்லாத மனிதர், ஒரு காரணமும் இல்லாமல் ஒருவரின் கையை முறித்திருக்கிறார் — இப்படி எழுதினால் எந்த நீதவான் இரங்குவார்?

எனக்குள்ளே பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் சோபாவில் இருக்க, இந்த ரவி மட்டும் முதுகைச் சுவரோடு ஒட்டிக் கதிரையில் இருக்கிறார். ஹெலன் கைப்பையை எடுக்க எழும்பினால்கூடத் திடுக்கிடுகிறார். ஏதோ இருக்கிறது! வாயைத் திறந்து சொல்லித் தொலையுமேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக ஒரு சொல் பேசக்கூடாது. ரோல்ஸை மென்றுகொண்டு சும்மா இருந்தேன்.

விடைபெறும்போது, மிச்ச வடையை ஒரு டப்பாவில் போட்டு ஹெலனின் கையில் திணித்தாள் சுமதி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ நல்லா எழுதுவாதானே அக்கா? எனக்கு நெஞ்சு இடிக்குது. அவர் நித்திரையே கொள்ளுறேல்லை. காம்பில பின்னால நிண்டுதான் அடிச்சவங்களாம். இப்பவும் ஆரும் பின்னால வந்தால்...”

“என்ன காம்ப்?”

“ஊரில, ஆமிக் காம்ப். சண்டை நேரம் பிடிச்சு எட்டு மாசம் வைச்சிருந்தவங்கள்.”

“ஏன் பிள்ளை இதை உள்ளுக்குச் சொல்லேல்லை?”

“ஐயோ, முந்தியும் பிடிபட்ட ஆள் எண்டு தெரிஞ்சால் கூட வருசம் உள்ளுக்குப் போட்டிடுவினம் அக்கா! அகதி விசாவுக்கு ஹோம் ஒபிசுக்குச் சொன்னது வேற. இது கோர்ட் எல்லோ?”

கேட்டீர்களா? ரவியைப் பிடித்துக்கொண்டு போய் அடித்ததையும் இந்த இருவரும் அவருடைய குற்றமாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

படியில் நின்ற ஹெலன், “என்ன சொல்கிறார்?” என்றார்.

“பிள்ளை, இவவுக்கு முன்னால கதைச்சதை நான் மறைக்க ஏலாது,” என்றேன்.

“கொஞ்சம் பொறுங்கோ. அவரைக் கேட்டிட்டு வாறன்.” பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். ஹெலன் வடை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்பு அவுஸ்திரேலியாவில் இதே வேலை பார்த்தவராம்.

“அங்கே பூர்வகுடி மக்களின் வீடுகளுக்குப் போவேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். ஒத்துழைக்கவில்லை, வருந்தவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களில் சிலரைச் சின்ன வயதில் அரசாங்கமே தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. பேப்பரும் பேனாவுமாக வந்த அரசாங்கத்து ஆளிடம் அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? எனக்குப் புரிந்தபோது அவர்கள் ஜெயிலில் இருந்தார்கள்.”

டப்பாவின் மூடியை விரலால் தட்டினார். “இங்கே எனக்குக் கேக் தருகிறார்கள். மற்றபடி அதே மௌனம்தான்.”

கதவில் ரவி நின்றார். “வரச் சொல்லுங்கோ அக்கா. சொல்லுறன்.”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: அவர் சொன்னார் என்று மொழிபெயர்க்கக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு எட்டு மாதம் நானே சுவரைப் பார்த்து நின்றேன். நானே அடி வாங்கினேன். பின்னால் நிற்பவனின் முகத்தை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. என் குரல் உடைந்தபோது ரவிதான் தண்ணீர் எடுத்து வந்து தந்தார். ஹெலன் எட்டுப் பக்கம் எழுதினார்.

எல்லாருக்கும் ஒரே தண்டனை என்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாருமா ஒரே பாதையில் அந்தக் கூண்டுக்கு வந்து சேர்கிறார்கள்? மணிக்கட்டு முறிந்தது முறிந்ததுதான், அதை யார் மறுத்தது? யார் முறித்தார், ஏன் முறித்தார் என்று முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிறேன். அதற்குப் பெயர் சலுகையா?

போன கிழமை தீர்ப்பு. நீதவான் அறிக்கையை இரண்டு தரம் படித்ததாகச் சொன்னார். ஜெயில் இல்லை. இரண்டு வருடம் ஹெலனின் மேற்பார்வை; மனநல டொக்டரிடம் கட்டாயம் போக வேண்டும். மொழிபெயர்க்கத் திரும்பினேன். “விளங்கிட்டுது அக்கா,” என்றார் ரவி மெதுவாக. சுமதி பின்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்ததும் ரவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்த டிக்கெட் மனுசனுக்கு ஒரு கடிதம் எழுதலாமோ?”

எழுதினால் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பிப்பதாகவும், படிப்பதும் விடுவதும் அவர் விருப்பம் என்றும் ஹெலன் சொன்னார். கோர்ட் வாசல் பெஞ்சில் இருந்தோம். மன்னிப்புக் கடிதம்தானே, நாலு பக்கம் வரும் என்று நினைத்துப் பேப்பர்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டேன். ரவி ஒரே ஒரு வசனம் சொன்னார்:

“ஐயா, எனக்குப் பின்னால நிண்டது நீங்கள் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு.”